இரட்டையரும் இரு வழிகளும்



இரட்டைப் பிள்ளைகளைக் கண்டால், "மூத்தவன் யார்?" என்று கேட்கிறோம். அதனால் தீங்கில்லை. "இருவரில் கெட்டிக்காரன் யார்?" என்று அடுத்துக் கேட்கிறோமே, அதில்தான் தீங்கு இருக்கிறது. அக்கேள்வியைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

வேப்பம்பட்டுப் பக்கத்தில் நான் கணக்குக் கற்பித்த காலத்தில், ஒரு வகுப்பில் இரட்டையர் இருவர் படித்தனர். தம்பி கணக்கில் வல்லவன். அண்ணனை எழுப்பி நிறுத்தி, "உன் தம்பியைப் பார்!" என்று பலமுறை கடிந்திருக்கிறேன். அடுத்த தேர்வில் தம்பி இரண்டு கணக்குகளைத் தொடாமலே விடைத்தாளைக் கொடுத்தான். "தெரியவில்லையா?" என்றேன். "தெரியும் ஐயா. எனக்கும் மதிப்பெண் குறைந்தால் அண்ணனைத் திட்டமாட்டீர்களே என்று விட்டுவிட்டேன்" என்றான். எனக்கு மறுமொழி எழவில்லை.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வளர்ந்தால், பிறக்கும் இருவரும் உருவத்தில் பெரிதும் ஒத்திருப்பர். இரு முட்டைகள் தனித்தனியே கருவுற்றால், ஏனைய உடன்பிறந்தாரைப் போன்றே ஒற்றுமையும் வேற்றுமையும் கொண்டிருப்பர். ஒரே கருவில் தோன்றியவர்க்குங்கூடக் கைரேகை வெவ்வேறே. அவ்வாறிருக்க, அறிவும் ஆர்வமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமா?

ஆர்க்காடு இரட்டையரை எண்ணிப் பாருங்கள். இராமசாமி முதலியாரும் இலட்சுமணசாமி முதலியாரும் 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் பிறந்தனர். இருவரும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றனர். பின்னர் வழிகள் பிரிந்தன. முன்னவர் சட்டம் பயின்று அரசியலில் புகுந்தார்; 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். பின்னவர் மகப்பேற்று மருத்துவத்தில் புகழ்பெற்றார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். ஒருவர் புகழ் மற்றவரைச் சிறிதாக்கவில்லை.

இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மாணவர்தம் நாட்டத்திற்கும் திறனுக்கும் ஏற்பப் பலவகைப் பாடப்பிரிவுகள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆசிரியப் பயிற்சியில் அதனை நான் படித்துத் தேறியவன்தான். ஆயினும், அதன் பொருளை எனக்கு உணர்த்தியவன் அந்தச் சிறுவனே.

அவ்வண்ணன் பின்பு தொழிற்பயிற்சி பெற்று, கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் பொருத்துநராக அமர்ந்தான். தம்பி கணக்கு ஆசிரியரானான். உங்கள் வகுப்பிலும் இரட்டையர் இருக்கலாம். அவர்களைத் தனித்தனிப் பெயரிட்டு அழையுங்கள், தனித்தனியே அறிந்துகொள்ளுங்கள். அவர்களுடைய அன்பு நம் ஒப்பீட்டால் வளர்வதன்று.