பிக்கப் வாகனமும் வந்து சேராத கடிதமும்

பழைய பிக்கப் ஒன்றை வாங்கப் போகும்போது நாம் எவற்றைப் பார்க்கிறோம்? எஞ்சின் புகைக்கிறதா, கியர் இலகுவாக விழுகிறதா, ரயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, புத்தகத்தில் எத்தனை பேருடைய பெயர் ஏறியிருக்கிறது என்பவற்றைப் பார்க்கிறோம். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிச் செல்கிறோம். ஆயினும் எமது பகுதியில் அநேகமாக எவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த வாகனத்தைச் செய்த கம்பனி, குறையொன்றைத் திருத்துவதற்காக இதனை எப்போதாவது திருப்பி அழைத்ததா? அழைத்திருந்தால் அத் திருத்தம் செய்யப்பட்டதா?

இவ்வாறு அழைப்பதையே மீளழைப்பு என்கிறோம். குறித்த ஒரு காலத்தில் செய்யப்பட்ட வாகனங்களில் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய குறை இருப்பதாகத் தெரியவந்தால், செய்த கம்பனியே அவற்றை வரவழைத்துப் பணம் அறவிடாமல் திருத்திக் கொடுக்கிறது. இது வழமையான சேர்விஸ் அன்று. உத்தரவாதக் காலம் முடிந்து விட்டது என்பதோ, வாகனம் மூன்றாம் நான்காம் கைக்கு மாறிவிட்டது என்பதோ பொதுவாக இதற்குத் தடையாவதில்லை. குறை வாகனத்தோடு பிறந்தது. ஆகவே திருத்தும் கடமையும் வாகனத்தைத் தொடர்ந்தே செல்கிறது.

மீளழைப்புச் செய்யும் கம்பனி தரங்குறைந்த கம்பனி என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அயலிலுள்ள இந்தியாவில் மகிந்திரா கம்பனி 2021 இல் தனது பிக்கப் வாகனங்களில் 29,878 ஐத் திருப்பி அழைத்தது. 2020 தை முதல் 2021 மாசி வரை செய்யப்பட்டவற்றில் திரவக் குழாய் ஒன்று சரிவரப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்பதே காரணம். குறையைக் கண்டது, சொன்னது, குழாயை மாற்றியது. மறைப்பதிலும் பார்க்க இது எவ்வளவோ மேல். மறைத்த கதையும் உண்டு; அதனைப் பின்னர் பார்ப்போம்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதில் ஏன் கூடிய கவனம் செலுத்த வேண்டும்? 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோரில் ஒரு பகுதியினர் இன்னும் தமது காணிக்குத் திரும்பவில்லை. குடியிருப்பது ஓரூர், குத்தகைக்குத் தோட்டஞ் செய்வது வேறூர். நீரிறைக்கும் மெசினையும் குழாய்களையும் விடியற் காலையில் ஏற்றிச் செல்லவும், வெங்காயத்தையும் பீற்றூட்டையும் மருதனார்மடத்துக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ கொண்டு போகவும் ஒரு சிறு வாகனம் வேண்டியிருக்கிறது. லீசிங்கில் எடுத்தோ, நகையை ஈடு வைத்தோ, சகோதரர் இருவர் மூவர் சேர்ந்தோ அதனை வாங்குகிறார்கள். வாங்குவது பெரும்பாலும் பழைய வாகனந்தான். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கம் வரை பெரும்பாலும் மூடியே இருந்தபடியால், வீதியில் ஓடுபவற்றின் வயதும் ஏறிவிட்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மீளழைப்புக் கடிதம் கம்பனியின் ஏட்டிலுள்ள விலாசத்துக்கே போகும். ஜப்பானில் ஓடிப் பின் இங்கு வந்த வாகனமாயின் அக் கடிதம் ஜப்பானிலுள்ள முதல் சொந்தக்காரருடைய வீட்டுக்குப் போகும்; அல்லது வாகனம் ஏற்றுமதியாகிவிட்டது என்று ஏட்டை மூடிவிடுவார்கள். இலங்கை முகவரிடம் புதிதாக வாங்கியதாயின் கொழும்பிலோ குருநாகலிலோ உள்ள முதல் உரிமையாளரிடம் போகும். எம்மவர் பலர் பெயர் மாற்றாமல், விற்றவருடைய கையொப்பமிட்ட வெறும் படிவத்தோடு வருடக்கணக்காக ஓடித் திரிகின்றனர். பெயர் மாற்றியவர்களிலும் சிலருடைய புத்தகத்தில் இருப்பது இப்போது இல்லாத முகாமின் விலாசம். கடிதம் எப்படி வந்து சேரும்?

கடிதம் சேர்ந்தும் வேலை நடக்காவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தகாடா என்ற ஜப்பானியக் கம்பனியின் காற்றுப்பை விவகாரத்தைக் காட்டலாம். உலகில் இதுவரை நடந்த மீளழைப்புகளுள் மிகப் பெரியது இதுவே. ஏறத்தாழ 10 கோடி காற்றுப்பை ஊதிகள் இதற்குட்பட்டன.

மோதல் நேரும் போது ஸ்ரியறிங்கின் நடுவிலிருந்து பை ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் ஊதி எழும்பி ஓட்டுநரின் தலையையும் மார்பையும் தாங்கிக்கொள்ள வேண்டும். அதை ஊதச் செய்வதற்கு ஓர் உருக்குக் குப்பிக்குள் வெடிமருந்து வில்லைகள் வைக்கப்பட்டிருக்கும். தகாடா பயன்படுத்திய மருந்து அமோனியம் நைத்திரேற்று. தோட்டக்காரருக்கு அதன் குணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை; உர வகையைச் சேர்ந்த பொருள். மாரிகாலத்தில் உரமூடையின் வாயைத் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக் கசிந்து கட்டிபட்டுப் போவதைக் கண்டிருக்கிறோம். குப்பிக்குள்ளும் இதே ஈரந்தான் கேடு செய்தது. வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரலிப்பிலும் வில்லைகள் உள்ளே நெகிழ்ந்து பொருபொருத்துப் போயின. அப்படிப் போன வில்லை மட்டாக எரியாமல் ஒரேயடியாக எரிகிறது. குப்பி வெடித்து, அதன் உருக்குத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநர் மேல் பாய்கின்றன. உயிரைக் காக்க வைத்த பொருளே, தப்பியிருக்கக் கூடிய சிறு மோதலிலும் ஆளைக் கொன்றது. உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். 2014 இல் மலேசியாவில் இறந்த கர்ப்பிணிப் பெண்ணும் அவர்களுள் ஒருவர். தகாடா கம்பனி 2017 இல் வங்குரோத்தானது.

சிறிய பிக்கப் வாகனத்தில் இது எவ்வாறு முடிந்தது என்று பாருங்கள். ஐக்கிய அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டு போர்ட் றேஞ்சர் பிக்கப்பில் சென்ற ஒருவர் 2015 மார்கழியில் தென் கரோலினா மாநிலத்தில் இவ்வாறு இறந்தார். 2016 இல் மீளழைப்பு விடப்பட்டது. 2017 யூலையில் மேற்கு வேர்ஜினியாவில் அதே வகை வாகனத்தில் இன்னொருவர் இறந்தார். அவருடைய வாகனம் மீளழைப்புக்கு உட்பட்டது. திருத்தம் மட்டும் செய்யப்படாமலே இருந்தது. 2018 தையில் போர்ட் கம்பனி ஏறத்தாழ 2,900 றேஞ்சர் உரிமையாளர்களுக்கு, வாகனத்தை இனி ஓட்டவே வேண்டாம் என்று அறிவித்தது. அடுத்த மாதமே அந்த எச்சரிக்கை மேலும் பல்லாயிரம் வாகனங்களுக்கு விரிந்தது. அவுஸ்திரேலியாவில் 2018 இல் அரசாங்கமே கட்டாய மீளழைப்புக்கு ஆணையிட்டது. மஸ்டா பிற்றி-50, இங்கு எல் 200 என அறியப்படும் மிற்சுபிசி ட்ரைற்றன் ஆகிய பிக்கப்களின் சில வருடத் தயாரிப்புகள் அதில் அடங்கின. இந்த இனங்கள் எமது வீதிகளிலும் ஓடுகின்றன. வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களிலேயே குப்பிகள் விரைந்து பழுதடைந்தன என்பதையும், எமது வெயிலையும் கடற்காற்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எல்லா வாகனத்துக்கும் இந்தப் பயம் இல்லை. டிமோ பட்டா என்று நாம் அழைக்கும் டாட்டா ஏஸின் பழைய வகைகளிலும் பழைய ஹைலக்ஸ் பலவற்றிலும் காற்றுப்பையே கிடையாது. ஸ்ரியறிங்கின் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பை உண்டு. திறப்பைத் திருப்பியதும் அதற்குரிய விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே நின்றாலும், அறவே எரியாவிட்டாலும் ஏதோ பிழை. விற்பதற்காக அந்த விளக்கையே பிடுங்கி விடுபவர்களும் இருக்கிறார்கள்.

துருவும் முறைப்பாடும்

காற்றுப்பை இல்லாத வாகனத்துக்கும் பொருந்தக்கூடிய வேறொரு வரலாறு டொயோட்டா டகோமா பிக்கப்புடையது. குளிர் மாநிலங்களில் பனியை உருக்க வீதியில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பில் 1995 முதற்கொண்டு செய்யப்பட்ட டகோமாக்களின் சட்டகம், அதாவது நாம் செசி என்கிற அடி இரும்பு, உள்ளிருந்தே உக்கிப் போயிற்று. கையால் தட்டினாற் பொரிந்து விழுந்தது. உரிமையாளர்கள் ஒவ்வொருவராக எழுதினார்கள். 2008 இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையான வண்டிகளுக்குத் துரு உத்தரவாதத்தை 15 வருடமாக நீட்டியது. திருத்த முடியாதவற்றைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திருப்பி வாங்கியது. 2016 இல், ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்கள் தொடர்பாக 340 கோடி டொலர் வரை செலவாகக்கூடிய இணக்கம் ஒன்றுக்கும் அக் கம்பனி உடன்பட்டது. தனித்தனியே பார்த்தால் அம் முறைப்பாடுகள் பழைய வாகனம் ஒன்றின் துரு மட்டுமே. சேர்த்துப் பார்த்தபோதே அது செய்தவர் விட்ட குறை என்று தெரிந்தது.

எமக்கு வீதியில் உப்பில்லை, காற்றில் இருக்கிறது. மீன் பெட்டி ஏற்றி ஐஸ் தண்ணீர் வடியும் வாகனமாயின் இன்னும் மோசம். வருடத்தில் ஒரு முறையாவது பின் வில்லுத் தகடு செசியில் பூட்டப்படும் இடத்தைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மொத்தென்று கேட்கும். கறுப்பு மை பூசி மறைத்த இடமே முதலிற் தட்ட வேண்டிய இடம்.

மறைத்த கதைக்கு வருவோம். மிற்சுபிசி மோட்டார்ஸ் கம்பனி 1977 முதலே வாடிக்கையாளரின் முறைப்பாடுகளில் ஒரு பகுதியை அரசாங்கத்துக்குக் காட்டாமல் ஒளித்து வந்தது 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002 தையில் யோக்கோகாமா நகரில் அக் கம்பனியின் கனரக வாகனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள சக்கரம் கழன்று போய், பிள்ளைகள் இருவருடன் நடந்து சென்ற தாயின் மேல் மோதியது. அவர் இறந்தார். வாகனத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று பழி சொந்தக்காரர் மேல் விழுந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஹப் பகுதியிலேயே குறை என்பதைக் கம்பனி ஒப்புக்கொள்ள 2004 வரை சென்றது. ஆகவே உங்கள் மேற்தான் பிழை என்று ஒருவர் சொன்னவுடன் நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

ஆனால் நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். டாட்டா ஏஸ் முக்கால் தொன், அதாவது 750 கிலோ சுமப்பதற்கென்றே 2005 இல் செய்யப்பட்டு வந்தது. 50 கிலோ மூடையென்றால் பதினைந்து. அதில் முப்பது மூடை ஏற்றி, மேலே நான்கு பேரையும் இருத்திக்கொண்டு, பிறேக் பிடிக்கவில்லை என்று முறையிடுவதில் நியாயமில்லை. அது வாகனத்தின் குறையாகாது. அப்படிப்பட்ட முறைப்பாடுகள் உண்மையான முறைப்பாட்டின் பெறுமதியையும் கெடுத்துவிடும்.

செய்யக்கூடியவை

முதலில் செசி இலக்கத்தைப் பாருங்கள். அது வாகனப் புத்தகத்திலும் செசியிலும் இருக்கும். பல வாகனங்களில் ஓட்டுநர் பக்கக் கதவோரத் தகட்டிலும் உண்டு. பல நாடுகளுக்கெனச் செய்த வாகனத்தில் அது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஜப்பானில் ஓடியதாயின் சில எழுத்துகள், பின் ஒரு சிறு கோடு, பின் இலக்கம் என்று குறுகியிருக்கும். புத்தகத்திலுள்ளதும் இரும்பிலுள்ளதும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் வேறு தொல்லை. அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு அந்த இனத்தின் இலங்கை முகவரிடம் தொலைபேசியிலோ நேரிலோ கேளுங்கள்: இதற்கு முடிக்கப்படாத மீளழைப்பு ஏதும் உண்டா? உண்டாயின் செலவு யாருடையது? முகவர் இறக்குமதி செய்யாத வாகனமாயினும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. வெளிநாட்டிற் பிள்ளைகள் உள்ளவர்கள் அவர்களைக் கொண்டு, செய்த கம்பனியின் இணையத்தளத்திலும் பார்ப்பிக்கலாம். வாகனம் உங்கள் பெயரில் இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். கேட்பது இலக்கத்தைப் பற்றித்தான். பெயர் மாற்றத்தைத் தாமதியாமற் செய்துகொள்வதும் அவசியம். அப்போதுதான் அடுத்த கடிதம் உங்கள் கைக்கு வரும். லீசிங் வாகனமாயின் புதிய விலாசத்தைக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

குறை கண்டால் வாயாற் சொல்லி விடாமல் எழுதுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், செசி இலக்கம், அன்று ஏற்றியிருந்த பாரம், என்ன நடந்தது, கராஜில் என்ன கண்டார்கள் என்பவை போதும். கழற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம், அதுவே சாட்சி. ஒரே இனம் வைத்திருக்கும் அயலவர்களுக்கும் அதே குறை வந்திருந்தால் ஒரே கடிதத்திற் சேர்ந்து எழுதலாம். விவசாய சம்மேளனத்தின் மூலம் அனுப்பினால் இன்னும் நன்று. விற்றவரோ முகவரோ பதில் தராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. வாங்கிய திகதியை வைத்தே காலம் பார்ப்பார்கள் ஆகையால், பற்றுச்சீட்டோடு உடனே செல்ல வேண்டும். கைமாற்றில் வாங்கியோர் பலரிடம் பற்றுச்சீட்டே இல்லை. வெள்ளைத் தாளிலாவது விற்பவரின் கையொப்பத்தை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. எமது மெக்கானிக்மாரின் கைவண்ணத்தில் எமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் காற்றுப்பையை மட்டும் வீதியோரக் கராஜிற் கழற்றுவிக்க வேண்டாம். அது மேசையில் வைத்தபடியே வெடிக்கக்கூடியது. பழைய வாகனத்திலிருந்து கழற்றிய பையை வாங்கிப் பூட்டுவதும் ஆகாது. முகவர் நிலையத்தில் திருத்தம் செய்தபின், மாற்றிய பாகத்தையும் திகதியையும் குறித்த கடதாசியைக் கேட்டு வாங்கி வாகனப் புத்தகத்தோடு வையுங்கள். நாளைக்கு விற்கும்போது அக் கடதாசியையும் வாங்குபவர் கையிற் கொடுங்கள்.