எந்தக் கஞ்சி?

மே மாதம் திருகோணமலையில் யாரிடமாவது கஞ்சி என்று சொல்லிப் பாருங்கள். "எந்தக் கஞ்சி?" என்று கேட்பார்கள், குரலைக் கொஞ்சம் இறக்கி.

இந்த மாவட்டத்தில் கஞ்சிக்கு ஒரு குறையுமில்லை. ரமழான் வந்தால் கிண்ணியா, மூதூர்ப் பள்ளிவாசல்களில் தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, ரம்பை எல்லாம் போட்டு அண்டா அண்டாவாக நோன்புக் கஞ்சி. சித்திரா பௌர்ணமியில் சித்திரபுத்திரனார் கதை படித்து முடித்துக் கோயிலில் வார்ப்பது சித்திரைக் கஞ்சி. காலையில் சிங்களப் பெண்கள் விற்கிற கொளகெந்த, வல்லாரை அரைத்துவிட்ட இலைக்கஞ்சி. நீரிழிவு வந்தபின் நான் அதற்கு வாடிக்கைக்காரி.

நாலாவது கஞ்சி 2009இல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டின் முதல் மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு துண்டு நிலத்தில் அடைபட்ட சனம் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சியதை வரிசையில் நின்று வாங்கிக் குடித்து உயிர் தப்பியது. வரிசையிலேயே செத்தவர்களும் உண்டு. மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அந்த நினைவில்தான் மே நடுப்பகுதியில் கோயில் வாசலிலும் சந்தியிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கிறார்கள், பல இடங்களில் சிரட்டையில்.

2024 மே 12 இரவு, மூதூர்ப் பக்கம் சேனையூரில் நான்கு பேரைச் சம்பூர்ப் பொலிசார் கைதுசெய்தார்கள். மூவர் பெண்கள். கஞ்சி வழங்குவதற்கு எதிராகப் பொலிசார் நீதிமன்றத்தில் பெற்றிருந்த தடையை மீறியதாகக் குற்றச்சாட்டு. பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக இலங்கை இயற்றிய சட்டம் அது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவும் அதில் உண்டு. கஞ்சிப் பானைக்குள் எந்த வெறுப்பு வெந்ததோ! நால்வரும் பிறகு பிணையில் வந்தார்கள்.

அதன் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நடந்ததைக் கவனித்தேன். சனம் முதலில் கைவிட்டது முள்ளிவாய்க்கால் என்ற அடைமொழியை. பயம்தான். ஆனால் அடை கழன்றதும் அதன் பாரம் முழுக்க வெறுங் கஞ்சியின் தலையில் இறங்கிவிட்டது. இப்போது மற்றக் கஞ்சிகளுக்குத்தான் முன்னால் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றுக்கு வேண்டாம். என்னோடு படிப்பித்த கிண்ணியாத் தோழி நோன்புக்கு வாளியில் கஞ்சி கொண்டுவந்து, "இது நோன்புக் கஞ்சிதான் டீச்சர், பயப்படாமக் குடிங்க" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம்.

நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்று சொல்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள். வெளியாருக்கு விளங்கக்கூடாதென்று ஒரு கூட்டம் தானே செய்துகொள்கிற மறைசொல். எங்களுக்கு நடந்தது மறுவளம். பேசுகிறவன் மறைக்கவில்லை, கேட்கிறவன் குறிவைத்தான்.

இப்படிக் குறிவைக்கப்பட்ட முதல் சொல் கஞ்சியல்ல. நான் படிப்பித்தது விஞ்ஞானம். தொண்ணூறுகளில் கரும்பலகையில் 'இயக்கம்' என்று தலைப்பு எழுதியதும் பின்வாங்கில் அடக்கிய சிரிப்புக் கேட்கும். பௌதிகத்துக்கு அதைவிட்டால் வேறு சொல் ஏது? நியூற்றனின் விதிகளும் இயக்க விதிகள்தான். ஆனால் ஊரில் இயக்கம் என்றால் ஆயுதம் தூக்கியவர்கள். "இயக்கத்துக்குப் போட்டான்" என்றால் வீட்டில் அழுகை. ஒருநாள் சோதனைச் சாவடியில், கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் என் பாடக்குறிப்பைப் புரட்டி, அந்தச் சொல்லில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். உருளும் பந்தை வரைந்து காட்டி விளங்கப்படுத்தினேன். எவ்வளவு விளங்கியதோ, கொப்பியைத் தந்துவிட்டார்.

ஈழம் என்ற சொல்லின் கதை இன்னும் நீளம். ஈழத்திலிருந்து உணவு வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 1930இல் யாழ்ப்பாணத்தில் 'ஈழகேசரி' என்று பத்திரிகை தொடங்கியபோது முழுத் தீவின் பெயர்தான் அது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழீழம் கேட்டது. 1983இல் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் தனிநாடு கேட்பதையே குற்றமாக்கியது. பிறகு வெறும் ஈழம் என்று எழுதவும் கை தயங்கியது. வேடிக்கை என்னவென்றால், நாட்டின் தேசிய கீதத்தின் தமிழ் வடிவத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.

பெயரை மாற்றித் தப்பலாமா? முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர்கள் கசந்தபோது அமெரிக்காவில் சவர்க்ராட் என்ற புளித்த கோவாவைச் 'சுதந்திரக் கோவா' ஆக்கினார்கள். போர் முடிய, பழைய பெயர் திரும்பி வந்தது.

இங்கேயும் ஒருவர் யோசனை சொன்னார். கைது நடந்த அதே 2024 மே மாதம் 23ஆம் திகதி வெசாக். வெசாக்குக்கு வீதியோரங்களில் தன்சல் போட்டு, போகிற வருகிற எல்லாருக்கும் இலவசமாகச் சோறும் குளிர்பானமும் கொடுப்பார்கள். "பலகையில தன்சல் எண்டு எழுதிப்போட்டு ஊத்துங்கோவன், டீச்சர்." நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. தன்சல் நல்ல காரியம், நானும் வரிசையில் நின்று குடித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கஞ்சியில் ருசி என்று ஒன்றுமில்லை, பசிக்காக இப்போது யாரும் குடிப்பதுமில்லை. செத்தவர்களை நினைத்து ஊற்றுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் காய்ச்சுகிறார்கள். பலகையில் வேறு பெயர் போட்டால் பானையை அடுப்பில் ஏற்றவே தேவையில்லை.