டாஷ்ஹண்டா, மின்பின்னா? முதல்ல வீட்டுப் படிக்கட்டை எண்ணுங்க

இந்த எபிசோடு எங்க வீட்டுச் சண்டையில் பிறந்தது. தங்கச்சிக்கு டாஷ்ஹண்ட் வேணும். எனக்கு மினியேச்சர் பின்ஷர், சுருக்கமா மின்பின். ரெண்டும் ஜெர்மனிக்காரங்க வளர்த்தெடுத்த சின்ன இனங்கள். லேப், பக் மாதிரி தெருவுக்கு ரெண்டு பார்க்க முடியாது. எங்க வீடு காசிமேட்டில், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா, பாட்டி, நாங்க ரெண்டு பேர். இந்த வீட்டுக்கு எது சரி? இதுதான் கேள்வி.

முதல் ஃபில்டர், வெயில். 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம்ம காலநிலைக்கு ஒத்துவராத இனங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதில் பக் இருக்கு, பிரெஞ்சு புல்டாக் இருக்கு, சைபீரியன் ஹஸ்கி இருக்கு. காரணம் புரிஞ்சுக்கிறது சுலபம். நாய் நம்மள மாதிரி உடம்பு முழுக்க வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தும். மூக்கு தட்டையா இருந்தா அந்த வழியே அடைபடுது. டாஷ்ஹண்ட், மின்பின் ரெண்டுக்கும் மூக்கு நீளம், ரோமம் குட்டை. (டாஷ்ஹண்டில் நீளமுடி வகையும் உண்டு, அது நமக்கு வேண்டாம்.) அதுக்காக மே மாச மத்தியானம் கூட்டிட்டுப் போகலாம்னு அர்த்தமில்லை. ஆனா வெயிலைப் பொறுத்தவரை ரெண்டுமே பாஸ்.

அடுத்த ஃபில்டர், உடம்பு. இங்கதான் முடிவு மாறும்.

டாஷ்ஹண்டுங்கிற பேரிலேயே அதோட வேலை இருக்கு. ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், வளை தோண்டி வாழுற ஒரு விலங்கு. 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள்ள நுழைஞ்சு வேட்டையாடணும், அதுக்காகத்தான் குட்டைக் காலும் நீள உடம்பும். அந்தக் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றம்தான் முதுகிலும் கை வைக்குது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க், இந்த இனத்தில் சின்ன வயசிலேயே கெட்டியாகிடும். ஒருநாள் அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். ஏறக்குறைய நாலுல ஒரு டாஷ்ஹண்டுக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வரும்னு சொல்றாங்க.

எங்க பெரியப்பா வீட்டில் ஒரு டாஷ்ஹண்ட் இருந்தது. பேரு ஜூலி. அவங்களும் மாடி வீடுதான். பெரியம்மா கையால மீன் தின்னு நல்லா குண்டா இருந்தா. தினமும் நாலஞ்சு தடவை படி ஏறி இறங்குவா. ஒருநாள் காலையில் பின்னங்கால் ரெண்டும் இழுபடுது. சுளுக்குன்னு நினைச்சோம். தைலம் தடவினோம், ரெண்டு நாள் பார்த்தோம். மூணாவது நாள் டாக்டர் அவ கால் விரலை அழுத்திக் கிள்ளினார். ஜூலி திரும்பிக்கூடப் பார்க்கலை. வலியே தெரியலைன்னா ஆபரேஷன் செஞ்சாலும் நடக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு சொன்னார். அவ அப்புறம் நடக்கவே இல்லை.

அதனால இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்குங்க. டாஷ்ஹண்ட் திடீர்னு தள்ளாடினாலோ, தூக்கும்போது கத்தினாலோ, பின்னங்காலை இழுத்தாலோ காத்திருக்க வேண்டாம். அன்னைக்கே கொண்டு போங்க. நம்ம பக்கத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. எடையை ஏத்த விடாதீங்க. படிக்கட்டில் தூக்கிட்டுத்தான் போகணும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கம், முதுகு நேரா இருக்கணும். ஒரு நாளைக்கு மூணு தடவை, பத்துப் பன்னிரண்டு வருஷம். எங்க வீட்டில் பகலில் இருக்கிறது பாட்டி மட்டும்தான். அவங்களால முடியுமா?

இப்போ மின்பின். இது டாபர்மேனைச் சுருக்கி உருவாக்கினதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. டாபர்மேன் உருவானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இந்தக் குட்டி பின்ஷர்கள் அதுக்கும் முன்னாடியே எலி பிடிச்சிட்டு இருந்தவை. உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 4 முதல் 6 கிலோ. படிக்கட்டு இதுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஆனா கால் எலும்பு மெல்லிசு. கட்டிலிலிருந்தோ கையிலிருந்தோ தப்பி விழுந்தா முன்னங்கால் முறியலாம். வீட்டில் மூணு நாலு வயசுக் குழந்தை இருந்தா யோசிங்க.

அடுத்தது சத்தம். காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்கு நடுராத்திரியிலேயே வண்டிகள் ஓட ஆரம்பிச்சிடும். மின்பின் ஒவ்வொரு வண்டிக்கும் பதில் சொல்லும். குட்டியிலிருந்தே பழக்கினா குறையும், முழுசா நிக்காது. டாஷ்ஹண்டும் இந்த விஷயத்தில் ஊமை இல்லை.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் கதவு. கொஞ்சம் சந்து கிடைச்சா மின்பின் ஓடிடும். கூப்பிட்டா வராது. எங்க தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துறதில்லை. கீழே ஐஸ் வண்டி, மீன் லோடு வண்டி.

ரெண்டுக்கும் பொதுவா ஒரு எச்சரிக்கை. ரெண்டும் எலியைத் துரத்துற ரத்தம், நம்ம ஏரியாவில் எலிக்குப் பஞ்சமில்லை. எலி மூத்திரத்திலிருந்து வர்ற லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், நாய்க்கும் வரும், நாய்கிட்டேயிருந்து நமக்கும் வரும். ரேபிஸ் ஊசியோட இதுக்கான ஊசியையும் வருஷா வருஷம் கேட்டுப் போடுங்க. வீட்டில் எலி மருந்து வைக்காதீங்க.

வாங்கும்போது தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க. 2017 மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக்கூடாது. 'அபூர்வ கலர்'னு கூடுதல் விலை சொன்னா உஷார். புள்ளி புள்ளியா இருக்கிற ரெண்டு டாப்பிள் டாஷ்ஹண்டுகளைச் சேர்த்தா காது, கண் பாதிப்போட குட்டி பிறக்கலாம்.

ஆக, மாடி வீடு, தூக்க ஆள் இல்லைன்னா டாஷ்ஹண்ட் வேண்டாம். தரைத்தளம், அமைதியான வீடுன்னா அதைவிட நல்ல துணை கிடைக்காது. கதவைச் சாத்த முடியாத வீடு, சின்னக் குழந்தை இருக்கிற வீடுன்னா மின்பின் வேண்டாம். ரெண்டு பக்கமும் மாட்டினா இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம்.

ஜூலி கதையைச் சொன்னதும் தங்கச்சி டாஷ்ஹண்டை விட்டுட்டா. ஆனா நானும் ஜெயிக்கலை. "பகல்ல கதவைச் சாத்தினா யார்டா வீட்டுக்கு வருவாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. அதனால வாசலில் இடுப்பளவு கிரில் கேட் போட்டிருக்கோம். ஒரு மாசம் யாரும் அதைத் திறந்து போடாம இருந்தா மின்பின் வரும். நேத்தோட ஒன்பது நாள் ஆச்சு. ரெண்டு தடவை திறந்து கிடந்தது. ரெண்டு தடவையும் திறந்து போட்டது நான்தான்.