அப்பாவுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்!

காது டெஸ்ட் எடுக்க மனைவியை அழைத்து வருவார் கணவர். "நான் சொல்றது எதுவும் இவளுக்குக் கேட்க மாட்டேங்குது டாக்டர்" என்பார். சோதித்துப் பார்த்தால் அந்த அம்மாவின் காதில் ஒரு குறையும் இருக்காது. குறை, புகார் சொல்ல வந்தவரின் குரலில் இருக்கும். பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மதுரைத் தெரபிஸ்ட் ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தன் குரல் குறைஞ்சதைப் பல பேர் ஒத்துக்கவே மாட்டாங்க சார். வீட்ல இருக்குற அத்தனை பேருக்கும் காது மந்தமாயிடுச்சுன்னு நினைப்பாங்க."

நடுக்கத்துக்கு மாத்திரை, நடைக்கு பிசியோதெரபி என்கிற அளவுக்கு நம் வீடுகள் தேறிவிட்டன. குரலைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸில் நடுங்கும் கையோடு ஜோதி ஏற்றிய குத்துச்சண்டை வீரர் முகமது அலியை உலகமே பார்த்தது. எல்லோரும் கையைப் பற்றியே பேசினார்கள். மேடை ஏறுவதற்கு முன்பே வாயால் எதிராளியைப் பாதி வீழ்த்திவிடும் மனிதர் அவர். 1984-இல், 42 வயதில் நோய் உறுதியானது. அந்த வாய் முணுமுணுப்பாக ஒடுங்கிப்போனது எந்த போட்டோவிலும் விழவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், தொண்டை நன்றாகவே இருக்கும். "சத்தமா சொல்லுங்க" என்றால் ஒரு வாக்கியம் கணீரென்று வரும். அடுத்த வாக்கியம் பழையபடி உள்ளே போய்விடும். பழுதானது தராசு முள். கால் கிலோவை வைத்துவிட்டு ஒரு கிலோ என்று படிக்கிறது மூளை. சரியான அளவில் பேச வைத்தால், "ஏன் என்னைக் கத்த விடுறீங்க?" என்று அவருக்கே கூச்சமாகிவிடும். பதிவு செய்து போட்டுக் காட்டிய பிறகுதான் அது சாதாரணப் பேச்சு என்று நம்புவார்.

இந்த முள்ளைத் திருத்தும் பயிற்சி லீ சில்வர்மேன் என்ற பெண்மணியின் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பார்க்கின்சனோடு வாழ்ந்தவர். அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டு, புரிந்தால் போதும் என்று ஏங்கிய குடும்பத்துக்காக லொரெய்ன் ரேமிக் என்ற பேச்சு நிபுணரும் அவருடைய சகாக்களும் 1987-இல் தொடங்கிய முறை இது. வாரம் 4 நாள், தினம் ஒரு மணி நேரம், 4 வாரம். ஆக 16 அமர்வுகள். வீட்டுப்பாடம் தனி.

நான் பார்த்த அமர்வில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் செல்போன், அதில் டெசிபல் காட்டும் ஆப். மூச்சை இழுத்து, முடிகிற வரைக்கும் 'ஆ...' என்று நீட்ட வேண்டும். பிறகு அதே 'ஆ' கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே, மேலேயிருந்து கீழே. அப்புறம்தான் பேச்சு. தினமும் உண்மையிலேயே வாயில் வரும் பத்து வாக்கியங்களை நோயாளியே எழுதித் தர வேண்டும். கண்டக்டரின் தாளில் முதல் வரியைப் படிக்க முடிந்தது. ஐந்தாவது வரிக்குள் எழுத்து பொடிப்பொடியாகிவிட்டது. அதுவும் இந்த நோயின் வேலைதான். 'காபில சர்க்கரை வேண்டாம்', 'ஃபேனைக் குறைச்சு வை', 'பேப்பர் வந்துச்சா?' என்று போன பட்டியலில் ஒன்பதாவது, 'படியில நிக்காம உள்ள வாங்க'. இதை வீட்டில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டேன். "யார்கிட்டயும் இல்ல சார். அதைச் சொல்றப்பதான் மீட்டர் எழுபதைத் தாண்டுது" என்றார்.

ஏன் இத்தனை தீவிரம்? பிரிட்டனில் 388 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் தீவிரப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பேச்சுச் சிரமம் நன்றாகவே குறைந்தது. அங்கே வழக்கமாகத் தரப்படும் பேச்சுப் பயிற்சிக்கும் பயிற்சியே இல்லாததற்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் தெரியவில்லை. பிசியோதெரபியிலும் இதே பாடம் உண்டு. அதே நாட்டில் 762 பேரிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வு, சில அமர்வுகளோடு முடிந்துபோகும் பயிற்சியால் பலன் காணவில்லை. 'மாசம் ரெண்டு தடவை கூட்டிட்டுப் போறோமே' என்று திருப்திப்படுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

நடைப் பயிற்சி பற்றிச் சுருக்கமாக. வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் ஆள் விழுவார். நிற்க விட்டு, உடம்பை இடமும் வலமும் அசைக்கச் சொல்லி, பிறகு ஓர் எட்டு வைக்கச் சொல்ல வேண்டும். தரையில் குறுக்கே ஓர் எட்டுக்கு ஒரு கோடு என்று கலர் டேப் ஒட்டினால் பலருக்குக் கால் தானாகத் தாண்டுகிறது. ஒன்று இரண்டு என்று எண்ணினாலும், தாளம் போட்டாலும் அப்படித்தான். பத்து ரூபாய் டேப்புக்கு இவ்வளவு பலமா என்று நானும் வியந்தேன்.

விழுங்குவதற்கும் பேச்சுத் தெரபிஸ்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுவதை 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறோம். ரசம் சாதம் போல நீரும் பருக்கையும் கலந்தது இவர்களுக்குச் சுலபமான உணவு இல்லை. இருமல் கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளின் மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அப்படி வரும் நிமோனியா.

மாத்திரை நேரத்தை முதலில் ஒழுங்குபடுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லும் நரம்பியல் மருத்துவர்கள் உண்டு. சரிதான். ஆனால் நடையைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு மாத்திரை குரலைத் தூக்குவதில்லை.

என் கவலை வீட்டைப் பற்றியது. குரல் குறையக் குறைய, சுற்றி இருப்பவர்கள் டப்பிங் கொடுக்க ஆரம்பிக்கிறோம். டாக்டர் "தூக்கம் எப்படி?" என்று அவரைக் கேட்டால், மகன் "நல்லா தூங்குறார்" என்கிறான். பேங்கில் மகள் பேசுகிறாள். போன் வந்தால் மனைவி எடுக்கிறார். முகத்திலும் உணர்ச்சி ஓடாததால் கல்யாண வீட்டில் 'மாமா ஏதோ கோவமா இருக்கார்' என்று உறவுகள் ஒதுங்குகின்றன. பேச வாய்ப்பே இல்லாதவர் எதற்காகக் குரலை உயர்த்துவார்? 16 அமர்வில் சம்பாதித்ததை, அது முடிந்த மறுநாளிலிருந்து நாமே கரைக்கிறோம். 'பாவம், கஷ்டப்பட வேண்டாம்' என்பதுதான் காரணம் என்றால், அந்தப் பாசத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் பத்து விநாடி காத்திருங்கள். டி.வி.யை அணையுங்கள். சமையலறையிலிருந்து பேசாமல் எதிரே வந்து உட்காருங்கள். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் வேலையை அவரிடமே கொடுங்கள், இரண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

சின்ன ஊர்களில் பேச்சுத் தெரபிஸ்ட் கிடைப்பது கஷ்டம். வீடியோ காலிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. மதுரைத் தெரபிஸ்ட் அப்படியும் சிலருக்குச் சொல்லித் தருகிறார். திரையில் அய்யா வாயைத் திறப்பதற்குள், கேமராவுக்கு வெளியே இருந்து அம்மாவின் குரலில் பதில் வந்துவிடுமாம். "அம்மா, ஃபீஸ் அய்யாவுக்கு மட்டும்தான் வாங்கியிருக்கேன், நீங்க பேசினா தனியா பில் போடுவேன்" என்பாராம் அவர்.