உருவாரம்

உருவாரம் என்பது வேண்டுதலுக்காகக் கோயிலில் வைக்கப்படும் சுடுமண் உருவம் ஆகும். கொங்கு நாட்டில் மாடு, குதிரை, நாய், குழந்தை, கை, கால் முதலிய உருவங்கள் இவ்வாறு வைக்கப்படுகின்றன. உடுமலைப்பேட்டை அருகேயுள்ள சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலையொட்டி, கால்நடைகளின் நலம் வேண்டி உழவர்கள் மண்மாடுகளை வைப்பர். தொண்டாமுத்தூர் வட்டாரத்துப் போளுவாம்பட்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் சுடுமண் உருவங்கள் கிடைத்துள்ளன. எனினும் அவற்றையெல்லாம் உருவாரங்கள் என்று கொள்வதற்கில்லை.

செய்முறை

களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து பிசையப்படும். சிறிய உருவங்கள் முழுவதும் கையாலேயே பிடிக்கப்படுகின்றன. பெரிய குதிரைகளுக்குக் கால்கள் உள்ளீடற்ற குழாய்களாக அமைக்கப்பட்டு, அவற்றின் மேல் மண்திரிகளை அடுக்கி உடல் எழுப்பப்படும். கீழ்ப்பகுதி சற்று இறுகிய பின்னரே மேலே மண் ஏற்ற முடியும். அவசரப்பட்டால் கால்கள் பிதுங்கிவிடும்.

உருவத்தில் காணப்படும் துளைகளைக் குறை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், சுடும்போது நீராவி வெளியேற வழியில்லாவிடில் உருவம் வெடித்துவிடும். மணல், உலரும்போது மண் சுருங்குவதைக் குறைக்கிறது. உமி எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. மேற்பரப்பின் சொரசொரப்புக்கு இவையே காரணம். கரும்திட்டுகளும் அவ்வாறே: சூளையில் காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகிறது, புகை சூழ்ந்து ஆக்சிசன் குறைந்த இடம் கறுக்கிறது.

ஒழுங்கின்மையின் அழகு

ஒரே குயவர் ஒரே நாளில் பிடித்த இரு மாடுகளின் திமில்கள்கூட ஒத்திருப்பதில்லை. இயந்திர உதிரிபாகத்தில் இத்தகைய வேறுபாடு இருந்தால் அது கழிக்கப்படும் (கோவையின் பட்டறைகளில் பழகியோர் இதை நன்கறிவர்). உருவாரத்திலோ, அழுத்திய கட்டைவிரலின் தடமே மாட்டின் கண்குழியாகிறது. கொலுப் பொம்மைகளைப் போல் அச்சில் எடுத்தால் இந்தத் தடம் கிடைக்காது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய ராக்கு தேநீர்க் கிண்ணங்களும் சக்கரமின்றிக் கையால் வனையப்பட்டவையே. ஆனால் அங்கே தேநீர்ச் சடங்கின் ரசனைக்கேற்ப ஒழுங்கின்மை விரும்பி நாடப்பட்டது. உருவாரம் செய்பவர் கோணலை நாடுவதில்லை. மாடு மாடாகத் தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1936இல் தோக்கியோவில் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தை நிறுவிய யானகி சோயெட்சு, பெயரறியாத கைவினைஞர்கள் அழகைக் கருதாமல் செய்த புழங்குபொருட்களிலேயே அழகைக் கண்டார். உருவாரத்துக்கு ராக்குவைவிட இக்கருத்தே நெருக்கமானது.

கோயிலில் வைத்த உருவாரம் பொதுவாக வீட்டுக்கு எடுத்துச் செல்லப்படுவதில்லை. காதும் கொம்பும் உடைந்த பழைய மாடுகளுக்கு அருகிலேயே அடுத்த ஆண்டின் மாடு வைக்கப்படுகிறது.