பட்டிக்குள் பதுங்கும் விரிசல்

பழைய காருக்குப் புது பெயிண்ட் அடிக்குமுன் அடித்தட்டைப் பாருங்கள்

புனேயின் வாகட் வழியாகச் செல்லும் மும்பை - பெங்களூர் நெடுஞ்சாலையில், ஹிஞ்சவடி கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்கு விரையும் புதுக் கார்களின் நடுவே பழைய மாருதி 800ஐயும் பார்க்கலாம். 2014ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்காகப் பலரும் ஓடுவது டிங்கரிங் கடைக்கு. பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் வண்டி பளபளக்கிறது. ஆபத்தும் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

ஜீப்புக்கும் லாரிக்கும் தனி சேஸிஸ் உண்டு. மாருதி 800, பிரிமியர் பத்மினி, அம்பாசடர் ஆகியவற்றில் தகடுகளை இணைத்துச் செய்த கூடுதான் எலும்பு. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சின் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. அந்த இடங்களில் தகடு விரிந்தால் சக்கரத்தின் பிடியே தளரும்.

கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறதல்லவா? குண்டும் குழியுமான சாலை தகட்டுக்கு அதைத்தான் செய்கிறது. மழைக்காலத் துரு தகட்டை மெலிதாக்கி வேலையைச் சுலபமாக்குகிறது. 1954ல் இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் விழுந்ததற்கும் இந்த உலோகச் சோர்வே காரணம். ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில் விரிசல் தொடங்கியது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. சேற்றைக் கழுவி, அடியில் பூசிய தாரைச் சுரண்ட வேண்டும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், எஞ்சின் தாங்கி, ஜாக்கி வைக்கும் இடம், வெல்டிங் ஓரங்கள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவலாம். விரிசலில் புகுந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். ரயில் அச்சுகளைச் சோதிக்க ஒரு காலத்தில் கையாண்ட முறை இது.

சரிசெய்வதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க் அருகே என்றால் டேங்கையே இறக்க வேண்டும். மண்ணெண்ணெயின் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. விரிசலின் நுனியில் சிறு துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, வெல்டு செய்து, மேலே அதே கனத் தகட்டை வைத்து இணைக்கலாம். அந்த ஒட்டுத் தகட்டின் மூலைகள் வளைவாக இருக்கட்டும். காமெட் கற்றுத் தந்த பாடம் அது. கடைசியில் துருத் தடுப்புப் பூச்சு அவசியம்.

ஸ்டீயரிங் நக்கிள், லோயர் ஆர்ம், சக்கரம் ஆகியவற்றில் விரிசல் கண்டால் வெல்டிங் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். சுற்றிலும் தகடு அரித்துப்போய், வெல்டு பிடிக்கவே இரும்பு இல்லை என்றால் வண்டிக்கு விடைகொடுப்பதே நல்லது.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பானெட்டைத் திறக்குமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். அங்கே மட்டும் புது பெயிண்ட் மின்னினால், ஏன் என்று கேளுங்கள்.