தானாக விழும் கிளிக் நின்றுபோனால்

விரல் நடுக்கத்தால் மவுஸ் பொத்தானை அழுத்த முடியாத ஒருவர் தலையசைவாலோ குரலாலோ கிளிக் செய்துகொள்கிறார். ஒரு மென்பொருள் சோதனையாளர் ஒரே படிவத்தை இரவெல்லாம் தானாக நிரப்பவிடுகிறார். லினக்ஸில் இத்தகைய வேலைகளுக்கு நெடுங்காலமாகத் துணைநின்றது, திரையையும் உள்ளீட்டையும் கையாளும் எக்ஸ் டிஸ்பிளே சர்வரில் உள்ள எக்ஸ்டெஸ்ட் என்ற நீட்சி. கை தொடாத மவுஸ் அசைவைக் கை தொட்டது போலவே மற்ற நிரல்களிடம் சேர்ப்பது அதுதான். கணினியைப் புதுப்பித்த மறுநாள் அது வேலை செய்யாவிட்டால், சோதனையாளருக்கு ஒரு நாள் வேலை கெடும். முதலாமவருக்குக் கணினியே இல்லாமல் போகும்.

அந்தப் பதற்றத்தில்தான் ஆபத்தான யோசனைகள் கைமாறுகின்றன. எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையுடன் ஒரு கூட்டல் குறி போடு, எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டு, உன் கணக்கை இன்புட் குழுவில் சேர் என்பார்கள். அதற்கு முன், கதவு ஏன் மூடப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1987இல் வந்த எக்ஸ்11 என்ற டிஸ்பிளே முறை, தன்னோடு இணைந்த நிரல்களை ஏறக்குறைய முழுமையாக நம்புகிறது. ஒரு ஜன்னலில் ஓடும் விளையாட்டு, பக்கத்து ஜன்னலில் நீங்கள் அடிக்கும் வங்கிக் கடவுச்சொல்லைப் படிக்கலாம். உங்கள் பெயரில் கிளிக்கும் செய்யலாம். அதற்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலண்ட் இந்த ஓட்டையை அடைத்தது. அடைத்தது சரியே. ஆனால் ஃபெடோரா லினக்ஸ் 2016இலேயே வேலண்டை இயல்பிருப்பாக்கியது. அனுமதி கேட்டு உள்ளீடு அனுப்பும் லிப்இஐ நூலகத்தின் 1.0 பதிப்பு 2023இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் சுமையை மாற்றுத்திறனாளிகள் சுமந்தார்கள்.

கோளாறு எங்கே என்று அறிகுறியே காட்டும். 'டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை' என்றால் நீட்சியின் மேல் பழி இல்லை. நேரம் பார்த்து வேலைகளைத் தொடங்கும் கிரான் வழியாக ஓடும் நிரலுக்கு டிஸ்பிளே எண்ணும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பும் போய்ச் சேரவில்லை. அவ்விரண்டையும் கொடுத்தால் போதும். கூட்டல் குறி வைத்தியம் டிஸ்பிளேயின் அனுமதிச் சோதனையையே நீக்கிவிடும்.

எச்சரிக்கை எதுவும் வராமல், சில ஜன்னல்களில் மட்டும் கிளிக் விழுந்தால் நீங்கள் வேலண்டில் இருக்கிறீர்கள். எக்ஸ்டெஸ்ட் வழியாகக் கிளிக் செய்யும் எக்ஸ்டூடூல் கருவி அனுப்புவது அங்கே பழைய எக்ஸ் நிரல்களை மட்டுமே சென்றடைகிறது.

'எக்ஸ்டெஸ்ட் கிடைக்கவில்லை' என்றே வந்தால், எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ கட்டளை தரும் நீட்சிப் பட்டியலைப் பாருங்கள். சர்வரைத் தொடங்கும்போதே யாராவது அதை அணைத்திருக்கலாம். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் நிரலை ஓட்டினால் வேறு காரணம் உண்டு: பெரிய எழுத்து எக்ஸ் விருப்பம் அந்தக் கணினியை நம்பத்தகாத விருந்தாளியாக நடத்தி இந்த நீட்சியை மறைக்கும். பெரிய ஒய் போட்டால் கிடைத்துவிடும், ஆனால் அந்தத் தொலைக் கணினியின் நிர்வாகி உங்கள் விசைப்பலகையைக் கண்காணிக்க முடியும். டெபியன், உபுண்டு இரண்டிலும் பெரிய எக்ஸ் போட்டாலும் இயல்பிருப்பில் முழு நம்பிக்கையே வழங்கப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வேலண்டில் முதலில் நாட வேண்டியது ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டல். எந்த நிரல் கட்டுப்பாடு கேட்கிறது என்று அது உங்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கும். அதற்கு வழியில்லாதபோது ஒய்டூடூல் என்ற கருவி உதவும். அது கர்னலின் யூஇன்புட் வழியாகப் புகுவதால் எந்த ஜன்னலிலும், பூட்டுத்திரையிலும்கூட தட்டும். அதன் பின்னணிச் சேவைக்கு மட்டும் யூஇன்புட் அனுமதியைக் கொடுத்து, சேவையை அழைக்கும் உரிமையை ஒரே பயனருக்குச் சுருக்குங்கள். இன்புட் குழுவில் உங்கள் கணக்கைச் சேர்த்தால், நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிரலும் உங்கள் விசைத் தட்டல்களைப் படிக்கும் தகுதி பெற்றுவிடும்.

உள்நுழைவுத் திரையில் பழைய எக்ஸ் அமர்வைத் தேர்ந்துகொள்வது இன்னும் சில இடங்களில் நடக்கும். உபுண்டு 25.10இல் ஜினோம் டெஸ்க்டாப்புக்கு அந்த அமர்வே இல்லை.

அலுவலகக் கணினி என்றால் நீங்களாகவே பூட்டைக் கழற்ற வேண்டியதில்லை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் தம் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. 23ஆம் பிரிவு அங்கே குறைதீர் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அவரிடம் கொடுக்கும் மனுவில் அமர்வின் வகை, நீட்சிப் பட்டியல், நீங்கள் பயன்படுத்தும் உதவிக் கருவியின் பெயர், எந்தப் புதுப்பிப்புக்குப் பின் நின்றது என்பவற்றை எழுதுங்கள். அடுத்த புதுப்பிப்பை எல்லாக் கணினிகளிலும் ஏற்றுமுன், உங்கள் கருவியோடு ஒரு கணினியில் சோதிக்க வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள்.